எந்தக் கட்சி, சேர்?

பனி உருகிப் புல் தலைகாட்டும் முன்பே எங்கள் தெருவில் பலகைகள் முளைத்துவிடுகின்றன. முழங்கால் உயரக் கம்பியில் செருகிய பிளாஸ்டிக் பலகை. அதில் ஒரு பெயர், கீழே அவர் போட்டியிடும் பதவி. கட்சிக்காரர் வந்து இரவோடு இரவாக நட்டுவிட்டுப் போவதில்லை. வீட்டுக்காரரே சப்பாத்தும் தொப்பியுமாக வெளியே வந்து, கம்பியை ஈரமண்ணில் மிதித்து இறக்கி, கொஞ்சம் பின்னுக்குப் போய் நின்று, நேராக நிற்கிறதா என்று பார்க்கிறார். இந்த வீட்டில் எந்தக் கட்சிக்கு வாக்கு என்பது அன்றிலிருந்து தெருவால் போகிற வருகிற எல்லோருக்கும் தெரியும். வந்த புதிதில் இதைக் கண்டு, "இந்தச் சனத்துக்குப் பயமே இல்லையோ?" என்று மனைவியிடம் கேட்டேன். "கதவைச் சாத்திப்போட்டுக் கதையுங்கோ," என்றாள் அவள். சாத்திவிட்டுத்தான் மிச்சத்தைக் கதைத்தோம்.

எனக்கு உண்மையில் தூக்கிவாரிப்போட்டது ஷெரிஃப் பலகையைப் பார்த்தபோதுதான். ஷெரிஃப் என்றால் இந்தக் கவுண்டிக்குப் பொலிஸ் தலைவர். கவுண்டி என்பது நமது மாவட்டம் மாதிரி. அந்தப் பதவிக்கும் இங்கே தேர்தல் உண்டு. அவரும் ஒரு கட்சியின் வேட்பாளராக நின்று, கைலாகு கொடுத்து, குழந்தைகளைத் தூக்கிப் படம் எடுத்து, வாக்குக் கேட்டுத்தான் வருகிறார். துவக்கும் கைவிலங்கும் வைத்திருக்கிற ஒரு மனிதர், "எனக்கு வாக்குப் போடுங்கள்" என்று கேட்டால் கொழும்பு வெள்ளவத்தையில் வளர்ந்த ஒருவன் என்ன பதில் சொல்வான்? நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இந்த நாட்டில் பெரிய கட்சிகள் இரண்டு. ஒன்றுக்கு யானை, மற்றதற்குக் கழுதை. கொழும்பில் வாக்குச்சீட்டைப் பார்த்தவனுக்கு யானை பழகிய மிருகம்தான்; அங்கேயும் ஒரு பெரிய கட்சிக்கு அதுதான் சின்னம். ஆனால் எங்கள் ஷெரிஃப் யானையா கழுதையா என்று இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போவதில்லை. கடைசிவரை ஷெரிஃபின் கட்சி, மற்றக் கட்சி என்றுதான் எழுதுவேன். நடுநிலை என்று யாரும் என்னை மெச்ச வேண்டாம். வெறும் பயம்தான். இத்தனை வருடம் கழித்து, இவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு, தமிழில் எழுதும்போதும் அந்தப் பயம் போகவில்லை என்பதில் எனக்கு மெத்த வெட்கம்.

வெள்ளவத்தையில் நாங்கள் இருந்தது காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில், மாடிக் கட்டடம் ஒன்றின் முதலாம் தளத்தில். அப்பாவுக்குக் கொட்டாஞ்சேனைப் பக்கம் ஒரு கப்பல் கந்தோரில் கிளார்க் வேலை. எங்கள் வீட்டு அலுமாரியில், அம்மாவின் கூறைச்சேலைக்குக் கீழே இரண்டு கொடிகள் மடித்துக் கிடந்தன. ஒன்று பச்சை, மற்றது நீலம், அங்கத்தைய இரண்டு பெரிய கட்சிகளின் நிறங்கள். தேர்தல் காலத்தில் ஒலிபெருக்கிச் சத்தம் கேட்டதும் நானும் தங்கச்சியும் பல்கனிக்கு ஓடுவோம். வருவது எந்த நிறம் என்று பார்த்து உள்ளே சொல்வது எங்கள் வேலை. "பச்சை, அப்பா, பச்சை!" என்று கத்தினால், அப்பா பச்சையை எடுத்துக்கொண்டு வந்து பல்கனிக் கம்பியில் கட்டுவார். ஊர்வலம் திரும்பியதும் அவிழ்த்து மடித்து வைப்பார். ஒருமுறை தங்கச்சி அவசரத்தில் நிறத்தை மாற்றிச் சொல்லிவிட்டாள். நீலக் கொடி பறக்கப் பறக்கப் பச்சை ஊர்வலம் ஒழுங்கைக்குள் திரும்பியது. அப்பா கொஞ்சமும் அசரவில்லை. பக்கத்தில் காய்ந்த சாரத்தை எடுத்துக் கொடிக்கு மேலே விரித்துவிட்டு, இரண்டு கையையும் தூக்கி வணக்கம் வைத்தார். அன்று நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். இரண்டையும் எறிந்துவிடலாமே, அலுமாரியில் இடமில்லை என்று அம்மா எப்போதாவது முணுமுணுத்தால், "கிடக்கட்டும்," என்பார் அப்பா. அதற்குமேல் ஒரு வார்த்தை வராது.

சிரித்த காலம் யோகன் அண்ணாவோடு முடிந்தது. அவர் பெரியம்மாவின் மகன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, விசா கிடைக்கும்வரை எங்களோடு தங்கியிருந்தார். யுத்தம் நடந்த காலம். ஒருநாள் விடியற்காலையில் பொலிஸ் வந்து ஒழுங்கையைச் சுற்றி வளைத்து, எல்லா வீடுகளிலும் ஏறிப் பார்த்தார்கள். யோகன் அண்ணாவின் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சாரத்தோடு ட்ரக்கில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்த நாட்களில் பொலிஸ் நிலையத்துக்கு வந்து, "இவர்கள் எனக்குத் தெரிந்த ஆட்கள்" என்று சொல்ல ஒருவர் இருந்தால் பிள்ளை பின்னேரம் வீட்டுக்கு வரும். இல்லாவிட்டால் எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. அப்படி வந்து சொல்லக்கூடிய ஒருவர் கட்சியின் தொகுதி அமைப்பாளர். கட்சி என்றால் என் அப்பாவுக்கு அதுதான். கொள்கையோ தலைவரோ அவருக்குப் பொருட்டில்லை. ஸ்டேஷனுக்கு வருகிற ஆள்தான் கட்சி.

அப்பா வெள்ளைச் சேர்ட்டை ஸ்திரி போட்டு உடுத்தார். என்னையும் கூட்டிக்கொண்டு போனார், நான் ஏ.எல். உயர்தர வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன், அவரைவிட எனக்குச் சிங்களம் நன்றாக வரும். முதலில் களுபோவிலவில் நீலக் கட்சி அமைப்பாளர் வீட்டுக்குப் போனோம். அவர் கண்டிக்குப் போயிருந்தார். அவருடைய மனைவியிடம் அப்பா, எங்கள் வாக்கு என்றைக்கும் ஐயாவுக்குத்தான் என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். பிறகு வெள்ளவத்தைச் சந்தைக்குப் பின்னால் பச்சைக் கட்சி அமைப்பாளர் வீடு. அவர் சாரத்தோடு வெளியே வந்து, பல் குத்தியபடி நின்று கேட்டார். அப்பா பாதி வளைந்து நின்றார். "அபே ச்சந்தே ஹெமதாம மாத்தயாட்ட தமய்" என்றார். களுபோவிலவில் சொன்ன அதே வசனம், ஒரு சொல் மாறவில்லை. அமைப்பாளர் சிரித்துவிட்டு, என் பக்கம் திரும்பினார். "எஹெமத, மல்லி?" என்று கேட்டார். அப்படியா தம்பி என்று. அப்பா என்னைப் பார்க்கவில்லை, நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். "ஒவ், மாத்தயா," என்றேன். ஓம் ஐயா என்றுதான் வேறென்ன சொல்வது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அந்த மனிதர் வந்தார், சொன்னார், பின்னேரம் யோகன் அண்ணாவை விட்டார்கள். அதற்காக அமைப்பாளருக்கு இன்றைக்கும் நன்றி சொல்வேன். ஆனால் யோகன் அண்ணாவையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் திரும்பி வரும்போது அப்பாவுக்குப் பக்கத்துச் சீட் காலியாக இருந்தும் நான் இருக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தேன். "காலமையில இருந்து யோகன் ஒண்டும் சாப்பிடேல்லை. இறங்கின உடன பாண் வாங்கோணும்," என்றார் அப்பா, பொதுவாக, யாரையும் பார்க்காமல். என் வாழ்க்கையில் ஒருவருக்கு முன்னாலும் இப்படிக் கூனிக்குறுகி நிற்கமாட்டேன் என்று மட்டும் எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

இனி என் மகளுக்கு வருகிறேன். தாரணி இங்கே பிறந்தவள். போன குளிர்காலத்தில் பதினெட்டு வயது ஆனதும் அவள் செய்த முதல் காரியம், கவுண்டி சபைக்குப் போட்டியிட்ட லோரி என்ற பெண்மணிக்காக வீடு வீடாகப் போய்க் கதவு தட்டியதுதான். லோரி ஓய்வுபெற்ற ஆசிரியை. அவர் மற்றக் கட்சி, அதாவது ஷெரிஃபின் கட்சிக்கு எதிர்க்கட்சி. ஆனால் அந்தக் கட்டத்தில் அவர் மோதியது தன் சொந்தக் கட்சிக்காரரோடுதான். இங்கே பொதுத் தேர்தலுக்கு முன்பு ப்ரைமரி என்று ஒரு தேர்தல் நடக்கும். கட்சியின் பெயரில் யார் நிற்பது என்பதைத் தலைமைப் பீடம் கூடித் தீர்மானிப்பதில்லை; சாதாரண சனம் வாக்குப் போட்டுத் தீர்மானிக்கிறது. சாப்பாட்டு மேசையில் தாரணி இதையெல்லாம் எனக்குப் படிப்பித்தாள். இந்த நாட்டு அரசியலமைப்பில் கட்சி என்ற பேச்சே இல்லையாம். ஆனாலும் சபையில் எந்தக் கட்சிக்குப் பெரும்பான்மையோ அதுதான் குழுக்களுக்குத் தலைவர்களை வைக்கும், எந்தச் சட்டமூலம் மேசைக்கு வரலாம் என்று முடிவெடுக்கும். அதே நேரம், ஓர் உறுப்பினர் தன் கட்சிக்கு எதிராக வாக்களித்தாலும் கட்சியால் அவருடைய கதிரையைப் பறிக்க முடியாது.

"அப்ப கட்சிக்கு ஆர் பயப்பிடுவினம்?" என்று கேட்டேன்.

"ஏன் அப்பா பயப்பிடோணும்?" என்றாள் தாரணி. கிண்டல் இல்லை, அவளுக்கு உண்மையாகவே விளங்கவில்லை.

ஒரு சனிக்கிழமை லோரி எங்கள் வீட்டுக்கு வந்தார். தேத்தண்ணியும் கடலைவடையும் கொடுத்தோம். பள்ளிக்கூட பஸ், குப்பை, ஆற்றுப் பாலம் என்று அவர் ஏதேதோ சொன்னார். நான் தலையாட்டிக்கொண்டே சமயம் பார்த்திருந்தேன். தாரணி உள்ளே போன நேரம் மெல்லக் கேட்டேன்: "எங்களுக்கு ஏதாவது பிரச்சினை வந்தால், உங்கள் பெயரைச் சொல்லலாமா?" லோரிக்கு முகமெல்லாம் சந்தோஷம். "கட்டாயம்! கண்ட எல்லோரிடமும் சொல்லுங்கள். உங்கள் வேலையிடத்தில், கோயிலில், எல்லா இடத்திலும் சொல்லுங்கள்!" என்றார். நான் கேட்டது என்ன, அவர் விளங்கிக்கொண்டது என்ன. இருந்தாலும் எனக்கு ஒரு நிம்மதி. என் வாக்கு உங்களுக்குத்தான் என்று சொன்னேன். திரும்பி வந்த தாரணி அதைக் கேட்டுவிட்டு, என் தோளில் தாடையை வைத்து அழுத்தினாள். அந்த வசனத்தை நான் எங்கே படித்தேன் என்று அவளுக்குத் தெரியாது.

ப்ரைமரி நாள். நானும் தாரணியும் பள்ளிக்கூட விளையாட்டு மண்டபத்துக்குப் போனோம். பிரஜையாகி வருடங்கள் ஆனாலும் நான் அதுவரை பொதுத் தேர்தலுக்கு மட்டும்தான் போயிருந்தேன். அங்கே எல்லோருக்கும் ஒரே வாக்குச்சீட்டு, யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். ப்ரைமரியில் எங்கள் மாநில வழக்கம் வேறு. கட்சிக்கொரு வாக்குச்சீட்டு. எந்தக் கட்சியின் சீட்டு வேண்டும் என்று வாய் திறந்து கேட்டு வாங்க வேண்டும். தாரணி இதை எனக்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயமாக அது அவளுக்குத் தோன்றியிராது.

மேசையில் இரண்டு கட்சியிலிருந்தும் ஆட்கள் இருக்க வேண்டும் என்பது சட்டம். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளத்தான். எங்கள் மேசையில் ஒரு வயதான பெண்மணியும் ராய் என்பவரும் இருந்தார்கள். ராய் எங்கள் தெருவின் தொங்கலில், கடைசி வீட்டில் இருப்பவர், ஷெரிஃபின் கந்தோரில் டெபுட்டியாக இருந்து ஓய்வுபெற்றவர். தலைமயிர் இன்னும் பொலிஸ் வெட்டுத்தான். என் லைசன்ஸை வாங்கிப் பார்த்தார். அட்டையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், திரும்ப அட்டையைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, மண்டபம் முழுக்கக் கேட்கும் குரலில், "விச் பார்ட்டி, சேர்?" என்றார்.

பின்னால் வரிசை நின்றது. "உங்களுக்கு எது வசதியோ அதைத் தாருங்கள்," என்றேன். ராய் கண்ணைச் சுருக்கினார். "அதை நான் சொல்லக்கூடாது, சேர். நீங்கள்தான் சொல்ல வேண்டும்." "அப்படியானால் இரண்டையும் தாருங்கள்," என்றேன். வரிசையில் யாரோ சிரித்தார்கள். பக்கத்துப் பெண்மணி அன்பாக, "ஒன்றுதான் எடுக்கலாம், ஹனி," என்றார். மண்டபத்தில் பந்து தட்டும் சத்தம்கூட இல்லை. நான் ராயின் முகத்தைப் பார்த்தேன், என் லைசன்ஸ் இன்னும் அவர் கையில் இருந்தது. என் வாய் தானாகத் திறந்து ஷெரிஃபின் கட்சிப் பெயரைச் சொன்னது.

ராய் தலையாட்டிவிட்டுச் சீட்டைத் தந்தார். அந்தச் சீட்டில் லோரியின் பெயர் இல்லை, இருக்கவும் முடியாது. எனக்கு அடுத்து நின்ற தாரணியிடம் அதே கேள்வி. அவள் மற்றக் கட்சியின் பெயரை, கடையில் பால் கேட்கிற மாதிரிச் சாதாரணமாகச் சொன்னாள். ராய் அவளைப் பார்த்தும் அதேபோலத் தலையாட்டினார். அவளுடைய முதல் வாக்கு அது. படம் எடுக்க வேண்டும் என்று வீட்டிலிருந்து வரும்போது சொல்லியிருந்தாள். எடுக்கவில்லை.

காரில் ஏறியதும் அவள் பின்சீட்டில் போய் இருந்தாள். முன்சீட் காலியாக இருந்தது. எனக்கு அந்த பஸ் ஞாபகம் வந்தது. கொஞ்சத் தூரம் போனதும், "லோரிக்குப் போடுறன் எண்டு சொன்னீங்கள்தானே, அப்பா," என்றாள். "ஓம்," என்றேன். "அவை ஒருத்தரும் உங்களை ஒண்டும் செய்ய மாட்டினம்." "தெரியும்." "தெரிஞ்சா ஏன்?" வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு, இறங்காமல், கொடிகளையும் யோகன் அண்ணாவையும் களுபோவிலவையும் அவளுக்குச் சொன்னேன். பல்கனியில் சாரம் விரித்த கதைக்கு அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கடைசியில் ஒரு கேள்வி கேட்டாள்.

"அப்பப்பா உண்மையில எந்தக் கட்சி?"

எனக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. ஒரு தேர்தலும் தவறாமல், விரலில் மை காயக் காயத் திரும்பி வந்த மனிதர், யாருக்குப் போட்டார் என்று வீட்டில்கூட ஒருநாளும் சொன்னதில்லை. எங்களை நம்பாமல் அல்ல. தெரியாததை யாரும் எங்களிடமிருந்து அடித்துக் கேட்க முடியாது என்று நினைத்திருப்பார். சொல்லாமலே கண்ணை மூடிவிட்டார். அன்று பஸ்ஸில் அவருக்குப் பக்கத்தில் நான் இருந்திருக்கலாம். ஒரு சீட் தூரம்தான்.

லோரி ப்ரைமரியில் வென்றார். அடுத்த வாரமே கேக்கோடு வந்து, "உங்கள் வாக்குக்கு நன்றி" என்று என்னைக் கட்டிப்பிடித்தார். தாரணி சமையலறையில் நின்று கத்தியால் கேக்கை வெட்டிக்கொண்டிருந்தாள். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவள் காட்டிக்கொடுத்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

இலையுதிர் காலத்தில் தாரணி பல்கலைக்கழகம் போனாள். அவள் போன மறுநாள் நான் லோரியின் பலகையைக் கொண்டுவந்து, தெருவில் யாருமில்லாத நேரம் பார்த்து என்றாலும், முற்றத்தில் மிதித்து இறக்கினேன். படம் எடுத்து அவளுக்கு அனுப்பினேன். ஒரு சின்ன இதயம் பதிலாக வந்தது. சில நாட்கள் அந்தப் பலகையைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. பிறகு ஒரு பின்னேரம் ராய் வந்தார். கக்கத்தில் ஷெரிஃபின் பலகை. ப்ரைமரியில் நான் எடுத்த சீட்டை அவர் மறக்கவில்லை. "நீங்கள் நம்ம ஆள்தானே," என்றார். பிறகுதான் லோரியின் பலகையைக் கண்டார். நான் ஓர் அடி பின்னுக்குப் போனேன். அவரோ பெரிதாகச் சிரித்தார். "ஆளைப் பார்த்துப் போடுகிறீர்கள், நல்லது. சபைக்கு அவர், ஷெரிஃபுக்கு இவர். இங்கே அதற்கு ஒரு தடையும் இல்லை. விருப்பமில்லாவிட்டாலும் பரவாயில்லை, சொல்லுங்கள்." இவ்வளவு தன்மையாகக் கேட்ட மனிதரிடம் வேண்டாம் என்று ஒரு சொல் சொல்ல என்னால் முடியவில்லை. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். கட்டாயம், கட்டாயம் என்றேன். பாதி வளைந்துதான் நின்றேன் போலிருக்கிறது. அவர் போனதும் அதைக் கராஜுக்குள் கொண்டுபோய், பனி தள்ளும் மண்வெட்டிக்குப் பின்னால் சாய்த்து வைத்தேன்.

தேர்தல் முடிந்து நவம்பர் விடுமுறைக்குத் தாரணி வந்தாள். லோரியின் பலகையை முற்றத்திலிருந்து பிடுங்கிக்கொண்டு கராஜுக்குள் வந்தவள், மண்வெட்டியை எடுக்கப்போய் மற்றதைக் கண்டாள். கையில் எடுத்துப் பார்த்தாள். ஒரு கையில் அது, மறுகையில் இது. ராய் வந்த கதையைச் சொன்னேன். குரல் எனக்கே கேவலமாகக் கேட்டது.

"எலெக்ஷன் முடிஞ்சுதுதானே. எறியட்டோ?" என்றாள்.

"கிடக்கட்டும்," என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம், எங்கே பிறந்தாளோ அந்த ஊர்ப் பிள்ளையாகவே நின்று என்னைத் திட்டியிருக்கலாம். அவள் மண்வெட்டிக்குப் பின்னால் குனிந்து நிலத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"இஞ்ச ஈரம், அப்பா. கம்பி ரஸ்ட் பிடிச்சிடும்," என்றாள்.

ஏணியை இழுத்துப்போட்டு ஏறி, மேல்தட்டில் கிறிஸ்மஸ் மரப் பெட்டிக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கினாள். இரண்டு பலகைகளையும் எடுத்துத் தரச்சொல்லிக் கையை நீட்டினாள். கொடுத்தேன். என் அப்பாவிடமிருந்து நான் தூரப் போட்டுவிட்டு வந்தேன் என்று நினைத்த சாமான், எப்படியோ இந்தப் பிள்ளையின் கைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அன்று அமைப்பாளர் வீட்டு வாசலில் பட்ட வெட்கம் இதற்குப் பக்கத்தில் ஒன்றுமில்லை.

"எது மேல இருக்கோணும்?" என்று ஏணியில் நின்றபடி கேட்டாள் தாரணி.

நான் பதில் சொல்லும் முன் தெருப்பக்கம் பார்த்தேன். ராய் நாயோடு நடந்து வந்துகொண்டிருந்தார். நான் பார்ப்பதைத் தாரணியும் பார்த்தாள். கையை எட்டிச் சுவரிலிருந்த பொத்தானை அமுக்கினாள். கராஜ் கதவு மெல்ல இறங்கத் தொடங்கியது. அது முழுக்கச் சாத்தி முடியும்வரை, இரண்டு பலகைகளையும் மார்போடு அணைத்துக்கொண்டு, அவள் என் பதிலுக்காகக் காத்து நின்றாள்.